டான்யூப் கரைச் சைக்கிள் பாதை: ஒரு விசாரணை

1. விசாரணையின் பொருள்

டான்யூப், இன், இல்ட்ஸ் என்னும் மூன்று நதிகள் சங்கமிக்கின்ற பாஸாவ் நகரம் ஜெர்மனியின் தென்கிழக்குக் கோடியில் இருக்கிறது. அங்கே தொடங்கி, ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா வரையில் டான்யூபின் இரு கரைகளையும் தழுவிக்கொண்டு ஏறத்தாழ 320 கிலோமீட்டர் செல்லும் சைக்கிள் பாதை, ஐரோப்பாவில் நெடுந்தூரச் சைக்கிள் பிரயாணம் என்று பேச்செடுத்த மாத்திரத்தில் எவர் நினைவுக்கும் முதலில் வருகின்ற பாதைகளுள் ஒன்றாகும். 1980களின் தொடக்கத்தில் சைக்கிள்காரர்களுக்கென்று ஒழுங்கு செய்யப்பட்ட இப்பாதை, பிரான்ஸின் அட்லாண்டிக் கரையிலிருந்து ருமேனியாவின் கருங்கடல் கரை வரையில் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர் நீளும் யூரோவேலோ 6 என்ற மகா மார்க்கத்தின் ஓர் அங்கமாகப் பிற்பாடு சேர்க்கப்பட்டது. ஆயினும் அந்த நெடும் மார்க்கம் முழுவதிலும் ஜனங்கள் அதிகமாக நாடிவருவது இன்றைக்கும் பாஸாவுக்கும் வியன்னாவுக்கும் இடைப்பட்ட இந்தத் துண்டையே என்று சொல்லலாம்.

இப்பாதையைப் பற்றி எழுதுவோர் அனைவரும் ஒரே வாக்கியத்தையே பலவிதமாகச் சொல்கிறார்கள்: கலாசாரமும் இயற்கையும் இங்கே ஒருங்கே கிடைக்கின்றன என்பது அது. காலையில் ஒரு மடாலயத்தைத் தரிசித்து, பகலில் நதியோர வனத்தின் நிழலில் சென்று, மாலையில் திராட்சைத் தோட்டத்தின் நடுவே உள்ள விடுதியில் இறங்கும் பிரயாணிக்கு இந்த வாக்கியத்தில் பிழை காணக் காரணம் ஒன்றும் இராது. ஆனால் இரண்டு பொருள்கள் ஒருங்கே கிடைக்கின்றன என்று சொல்லுமிடத்து, அவற்றை ஒருங்கே கொண்டுவந்து வைத்தது யார், எக்காலத்தில், என்ன விலை கொடுத்து என்ற கேள்வி தொக்கி நிற்கிறது. அந்தக் கேள்வியையே இந்த வியாசம் எடுத்துக்கொள்கிறது. மடாலயங்களையும் பறவைகளையும் ஒருபுறம் வைத்துவிட்டு, சக்கரம் உருளுகின்ற அந்த மண்ணையே முதற்சான்றாகக் கொண்டு விசாரிப்பது என் உத்தேசம்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

இந்நதியைப் பற்றிய எழுத்துக்களை, நமது நோக்கத்துக்கு வேண்டிய அளவில், மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை வழிகாட்டி நூல்கள். தொலைவு, விடுதி, படகுத்துறை, பார்க்கத்தக்க கட்டடம் ஆகியவற்றை வரிசைப்படி தந்துவிடும் இவை பிரயாணிக்கு இன்றியமையாதவை. ஆனால் இவற்றில் நதி என்பது பார்க்கத்தக்க இடங்களை ஒன்றோடொன்று கோத்திருக்கும் நூலாக இருக்கிறதே தவிர, தனக்கென்று சரித்திரமுடைய ஒரு பொருளாக இல்லை. இரண்டாவது வகை இலக்கியப் பிரயாணம். இத்தாலிய எழுத்தாளர் கிளாடியோ மாக்ரிஸ் 1986இல் வெளியிட்ட "டான்யூப்" என்ற நூல் இவ்வகைக்குச் சிகரம். நதிமூலத்திலிருந்து கடல்வரை சென்று, கரையோரத்து ஊர் ஒவ்வொன்றிலும் மடிந்துபோன சாம்ராஜ்யங்களின் ஞாபகத்தையும் மறக்கப்பட்ட எழுத்தாளர்களின் வாழ்க்கையையும் எழுப்பிக்காட்டும் மாக்ரிஸின் பாண்டித்தியம் வியக்கத்தக்கது. எனினும் அந்நூலில் பெருகி ஓடுவது பெரும்பாலும் நினைவேயன்றி ஜலமன்று என்று சொன்னால் அவருடைய ரசிகர்கள் என்மேல் கோபங்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மூன்றாவது வகை சுற்றுச்சூழல் சரித்திரக்காரர்களின் ஆராய்ச்சி. வியன்னாவில் வெரேனா வினிவார்ட்டர், மார்ட்டின் ஷ்மிட் முதலியோர், மனிதச் செயலும் பௌதிகப் பொருளும் பிரிக்கவொண்ணாமல் பின்னிக் கிடக்கும் களங்களாகவே நதிக்கரைகளைக் காண வேண்டும் என்று வாதித்து, டான்யூபையே அதற்கு உதாரணமாகக் கொண்டு விரிவாக எழுதியிருக்கிறார்கள். இதற்குச் சற்று முன்னர், 1995இல், அமெரிக்காவின் கொலம்பியா நதியைப் பற்றி எழுதிய ரிச்சர்ட் ஒயிட், மனிதர்கள் நதியை அறிந்தது முதன்மையாக உழைப்பின் மூலமாகத்தான் என்பதை எடுத்துக்காட்டினார். மூன்றாவது வகையாரின் பக்கமே என் சாய்வு. ஒரே ஒரு குறை உண்டு. நதியைப் பற்றி ஆராய்பவர் சைக்கிள் பாதையை உல்லாசப் பிரயாணிகளின் விஷயமென்று விட்டுவிடுகிறார். பாதையைப் பற்றி எழுதுபவரோ நதியின் பொறியியலை நிபுணர்களின் விஷயமென்று விட்டுவிடுகிறார். இருவரும் விட்டுச்சென்ற இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

3. இழுவைக் குதிரைகளின் தடம்

பாஸாவ் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலும் வியன்னா ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்திலும் உள்ளன. முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் இறக்கம் 140 மீட்டர்தான். அதுவும் நீரோட்டத்தின் திசையிலேயே செல்வதால் மிதிப்பவருக்குச் சிரமமே தெரிவதில்லை. குழந்தைகளும் முதியோரும் இப்பாதையை நாடுவதற்குக் காரணமான இந்தச் சமதளம் இயற்கை தந்த வரமென்று பலரும் எண்ணியிருக்கிறார்கள். மலைகளை அறுத்துக்கொண்டு ஓடும் ஒரு நதியின் இரு கரைகளிலும், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, மேடுபள்ளமின்றி ஒரு தடம் தானாக அமைந்துவிடுவது எங்குமே இல்லை. இங்கே அதை அமைத்தது கப்பல் இழுக்கும் தொழில்.

நீராவி வருவதற்கு முன்பு டான்யூபில் கீழ்நோக்கிச் செல்வது எளிது. மேல்நோக்கி வருவது பிரும்மப் பிரயத்தனம். ஆகவேதான் மேலூர்களிலிருந்து சரக்கேற்றி வந்த மரப்படகுகளிற் பல, போய்ச் சேர்ந்த ஊரில் விறகுக்கும் கட்டட மரத்துக்கும் விற்கப்பட்டு, திரும்பி வராமலே மறைந்தன. திரும்பி வந்தேயாக வேண்டிய பெரும் படகுகளை, ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து, கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட குதிரைகளைப் பூட்டி, ஒவ்வொரு குதிரையின் மேலும் அல்லது இரண்டுக்கொருவராக ஆட்களை ஏற்றி, வாரக்கணக்கில் இழுத்து வந்தார்கள். கயிறு சிக்காமலிருக்கக் கரையோர மரங்கள் வெட்டப்பட்டன. ஓடைகள் நதியில் விழுமிடங்களில் பாலங்கள் போடப்பட்டன. பாறை செங்குத்தாக நீரில் இறங்கி வழியை அடைத்த இடங்களில் குதிரைகளையெல்லாம் படகிலேற்றி எதிர்க்கரைக்குக் கொண்டுபோய் மறுபடியும் பூட்டினார்கள். ட்ரெப்பெல்வேக் என்று ஆஸ்திரியர் வழங்கும் இந்த இழுவைப் பாதைதான் இன்றைய சைக்கிள் பாதையின் பெரும்பகுதிக்கு அஸ்திவாரம். ஷ்லோகன் என்ற இடத்தில் கருங்கல் மலையில் மோதி, வந்த திசைக்கே ஏறக்குறையத் திரும்பிவிடும் நதியின் புகழ்பெற்ற வளைவில், வடகரையோடு செல்லும் சைக்கிள்காரர் இன்றும் பாதை அறுபட்டுப் படகேற வேண்டியிருக்கிறது; குதிரைக்கு இருந்த சங்கடம் சைக்கிளுக்கும் தொடர்கிறது.

1829இல் டான்யூப் நீராவிக் கப்பல் கம்பெனி ஸ்தாபிக்கப்பட்டு, மறுவருஷமே அதன் முதற்கப்பல் வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் நோக்கிச் சென்றது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் குதிரை இழுவை மறைந்தது. இழுத்தவர்களின் தொழிலும், குதிரைக்குப் புல்லும் ஓட்டுவோருக்கு உணவும் கொடுத்துவந்த கரையோரச் சத்திரங்களின் வருவாயும் அதனோடு மறைந்தன. தடம் மட்டும் மறையவில்லை. நதியை அளக்கவும், கரைக்கற்களைப் பழுதுபார்க்கவும் அரசாங்கத்துக்கு அது வேண்டியிருந்தது. இன்றும் அது நீர்வழி நிர்வாகத்தின் பணிப்பாதைதான்; சைக்கிள்காரர் அதில் அனுமதிக்கப்பட்ட விருந்தாளி.

இதற்குக் கண்கூடான சான்று வேண்டுவோர் கரையில் சீரான இடைவெளியில் நட்டிருக்கும் எண் பலகைகளைப் பார்க்கலாம். பாஸாவ் அருகில் 2,226 என்று காணும் எண், வியன்னாவின் ரைக்ஸ் பாலத்தை அடையும்போது 1,929 ஆகக் குறைந்திருக்கும். இவை சைக்கிள்காரருக்காக எழுதப்பட்டவை அல்ல. டான்யூபின் கருங்கடல் முகத்துவாரத்தில் உள்ள சுலினாவில் பூஜ்யமென்று வைத்து மேல்நோக்கி எண்ணிக்கொண்டுவரும், மாலுமிகளுக்கான கிலோமீட்டர்க் கணக்கு இது. பலகைகளின் முகமும் நதியைப் பார்த்தே இருக்கிறது. எதிர்நீச்சலின் பாரத்தைத் தாங்குவதற்காக அமைந்த வழியில், நீரோட்டத்தோடு இறங்கிச் செல்பவர்கள் இன்று பொழுதுபோக்குகிறார்கள் என்ற இந்த ஒரு செய்தியைப் பாதையின் தொடக்கத்தில் ஒரு பலகையிலாவது எழுதி வைத்தால், கலாசாரம் என்ற சொல்லுக்கு மடாலயத்தையும் கோட்டையையும் தாண்டியும் பொருளுண்டு என்பது பிரயாணிக்கு விளங்கும்.

4. அணைகளும் அமைதியான நீரும்

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு மின்சாரத்துக்காக டான்யூபைத் தேக்கும் வேலை மும்முரமாக நடந்தது. ஜெர்மனியோடு எல்லையைப் பகிரும் யோகன்ஷ்டைன் நிலையம் 1956இலும், முழுவதும் ஆஸ்திரிய மண்ணிலேயே அமைந்தவற்றுள் முதலாவதான இப்ஸ்-பெர்ஸன்பாய்க் 1959இலும் முடிவுற்றன. வியன்னாவின் ஃபிராய்டனாவ் நிலையம் 1998இல் கடைசியாக வந்தது. யோகன்ஷ்டைனையும் சேர்த்து மொத்தம் பத்து நிலையங்கள். யுத்தத்தில் சிதைந்து, நான்கு வல்லரசுகளின் ஆக்கிரமிப்பில் பத்து ஆண்டுகள் கிடந்து எழுந்த ஒரு சிறிய தேசம் தன் தொழிலை மீட்டுக்கொண்டதில் இந்த மின்சாரத்தின் பங்கு பெரிது என்பதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

ஆயினும் பாதைக்கும் அணைக்கும் உள்ள சம்பந்தம் வழிகாட்டி நூல்களில் வெளிச்சத்துக்கு வருவதேயில்லை. நீர்மட்டம் உயர்த்தப்பட்ட இடங்களில் பழைய இழுவைத் தடம் மூழ்கியது. பக்கங்களில் எழுப்பிய நீண்ட கரைமேடுகளின்மேல் புதிய பணிப்பாதை போடப்பட்டு, அதுவே தார் பூசிய சைக்கிள் பாதையாயிற்று. இத்தகைய மேட்டில் செல்லும்போது ஒருபுறம் நிறைந்து நிற்கும் நதியையும் மறுபுறம் அதனினும் தாழ்ந்து கிடக்கும் வயல்களையும் ஒரே பார்வையில் காணலாம். ஆறு ஊருக்கு மேலே ஓடுகிறது என்று தோன்றும். தென்கரையிலிருந்து வடகரைக்கு மாற விரும்புபவர் பல இடங்களில் அணையின் மேலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கிறார். விசையாழிகளின் உறுமல் காலடியில் கேட்கும்.

இங்கே ஷ்ட்ரூடன்கவ் என்ற பள்ளத்தாக்கைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். க்ரைன் என்ற சிற்றூருக்குக் கீழே, இரு பக்கமும் காடடர்ந்த மலைகள் நெருங்கி வந்து நதியை ஒடுக்குமிடம் அது. பாறைகளும் சுழல்களும் நிறைந்த இந்த இடத்தைக் கடப்பதற்கு முன் படகோட்டிகள் பிரார்த்தனை செய்தார்கள். வழி தெரிந்த உள்ளூர் ஆட்களைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள். க்ரைன் ஊரின் செழிப்புக்கே அந்தக் கூலி ஒரு காரணம். மகாராணி மரியா தெரசாவின் காலத்தில், 1777இல் தொடங்கி, பாறைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. சுழலுக்கு மூலமான ஹவுஸ்ஷ்டைன் என்ற பெரும்பாறை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அகற்றப்பட்டது. எஞ்சியிருந்த வேகத்தையும் இப்ஸ்-பெர்ஸன்பாய்க் அணையின் தேக்கம் விழுங்கிவிட்டது. இப்பொழுது அங்கே இருப்பது மலைகளின் நிழலை அலுங்காமல் ஏந்திக்கொண்டிருக்கும் ஒரு நீண்ட ஏரி. வழிகாட்டி நூல்களோ அப்பகுதியை முரட்டு அழகு வாய்ந்தது என்றே இன்னும் வருணிக்கின்றன. மலைகளுக்கு அவ்வருணனை பொருந்தும். நீருக்குப் பொருந்துவது 1959 வரையில்தான்.

5. வாக்காவ்: மறுக்கப்பட்ட ஓர் அணை

மெல்க் நகரத்துக்குச் சற்று மேலே 1982இல் முடிவுற்ற அணையைத் தாண்டியதும் நதியின் குணம் மாறுகிறது. பாறையின் மேல் நீண்டு நிற்கும் மெல்க் மடாலயத்தின் மஞ்சள் மதில்களையும் கோபுரங்களையும் அண்ணாந்து பார்க்கும் பிரயாணி கீழே நீரைப் பார்க்கத் தவறிவிடுவது இயல்பே. 1089இல் பெனடிக்ட் சபைத் துறவிகள் குடியேறி, 1702இலிருந்து யாக்கோப் பிராண்ட்டவர் என்ற கட்டடச் சிற்பியின் திட்டப்படி புதுப்பித்துக் கட்டப்பட்ட அந்த மடாலயம் பரோக் கட்டடக் கலையின் உன்னதங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கிருந்து க்ரெம்ஸ் வரையில் உள்ள 36 கிலோமீட்டர்தான் வாக்காவ். இந்த 36 கிலோமீட்டரும், வியன்னாவுக்குக் கிழக்கே ஒரு பகுதியும் மட்டுமே ஆஸ்திரிய டான்யூபில் அணையின் கட்டுப்பாடின்றி ஓடுகின்றன.

ஷ்பிட்ஸ் என்ற ஊரில் நதியைக் கடக்க ஒரு படகு இருக்கிறது. நதிக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பிவடம். அதில் உருளும் கப்பியிலிருந்து தொங்கும் கயிற்றில் படகு பிணைக்கப்பட்டிருக்கிறது. இயந்திரம் இல்லை. படகோட்டி சுக்கானைத் திருப்பிப் படகின் பக்கத்தை நீரோட்டத்துக்குச் சாய்வாக நிறுத்துகிறார். கீழ்நோக்கித் தள்ளும் நீரின் விசை, வடம் தடுப்பதால் திசைமாறி, படகைக் குறுக்கே கொண்டுபோகிறது. மோட்டார்க் கார்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு ஓசையின்றி அது எதிர்க்கரையை அடைவதைப் பார்ப்பவருக்கு, ஓடும் நதிக்கும் தேங்கிய நதிக்கும் உள்ள வித்தியாசத்தை வேறெவரும் எடுத்துச்சொல்லத் தேவையில்லை.

இந்த ஓட்டம் தற்செயலாகத் தப்பியதன்று. வாக்காவிலும் ஓர் அணை கட்ட வேண்டுமென்ற திட்டம் இருந்தது. 1970களின் தொடக்கத்திலிருந்தே உள்ளூர் மக்கள் அதை எதிர்த்தார்கள். பின்பு திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு வெற்றி பெற்றிராவிட்டால், 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்திருக்குமா என்பது சந்தேகமே.

அப்படியானால் இதுதான் கன்னி இயற்கையா? அதுவும் இல்லை. வாக்காவின் சரிவுகளில், சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லின்மேல் கல்லடுக்கிக் கட்டிய சுவர்கள் படிப்படியாக மேலேறுகின்றன. அந்தப் படிகளில் திராட்சை விளைகிறது. வெயிலில் சூடேறும் அந்தக் கற்களின் இடுக்குகளில் மரகதப் பச்சை நிறமுள்ள ஒரு பெரிய பல்லியினம் வாழ்கிறது; இப்பகுதியின் உயர்ந்த ரக திராட்சை மதுவுக்கு அதன் பெயரையே வைத்திருக்கிறார்கள். சுவரைப் பராமரிப்பதை விவசாயி நிறுத்தினால் சில பத்தாண்டுகளில் சரிவைக் காடு மூடும். சூடான கல்லை நம்பியிருக்கும் பல்லிக்கும் அங்கே இடமிருக்காது. வசந்தத்தில் பிரயாணிகளைக் கூட்டங்கூட்டமாக ஈர்க்கும் சர்க்கரை பாதாமி மரங்களும் அநாதி காலத்தவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூச்சி நோயால் திராட்சைக் கொடிகள் அழிந்தபோது, நஷ்டத்தை ஈடுசெய்யப் பெருமளவில் நடப்பட்டவையே அவை.

இன்னும் ஓர் உதாரணம். பாதையோரத்தில் வில்லண்டார்ஃப் என்ற கிராமம் இருக்கிறது. 1908இல் நதிக்கரை ரயில் பாதைக்காக மண்ணை வெட்டியபோது நடந்த அகழ்வில், 11 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கற்சிலை கிடைத்தது. ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட அந்தப் பெண்ணுருவம் இப்போது வியன்னாவின் இயற்கை விஞ்ஞானப் பொருட்காட்சிசாலையில் உள்ளது. அதன் கல் அப்பள்ளத்தாக்கைச் சேர்ந்ததே அன்று. வட இத்தாலியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று 2022இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. அகழ்ந்தெடுக்க வாய்ப்பளித்ததும் ரயில் பாதை. அதே ரயில் பாதை கரையோரத்தின் பழைய உருவத்தைக் கலைத்ததும் மெய். வாக்காவில் கலாசாரம் எங்கே முடிந்து இயற்கை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முயல்பவர் ஒவ்வோர் அடியிலும் தம் கோட்டைத் தாமே அழிக்க வேண்டியிருக்கும்.

6. பாதைக்கு மேலே ஒரு குன்று

வாக்காவுக்கு வெகு மேலே, லின்ஸ் நகரத்துக்குக் கிழக்கே, வடகரையில், மௌத்ஹவுஸன் என்ற அழகிய சிற்றூர் நதியை நோக்கி வரிசையாக வீடுகளை வைத்துக்கொண்டிருக்கிறது. வியன்னாவின் தெருக்களுக்குப் பாவுகல் கொடுத்த கருங்கல் சுரங்கம் அதன் பின்னாலுள்ள குன்றில் இருந்தது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா நாஜி ஜெர்மனியோடு இணைக்கப்பட்டது. அவ்வருஷம் ஆகஸ்டிலேயே, அந்தக் கல்லுக்காக, அங்கே சித்திரவதை முகாம் திறக்கப்பட்டது. 1945க்குள் அந்த முகாமுக்கும் அதன் கிளைகளுக்கும் ஏறத்தாழ 1,90,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள்; குறைந்தது 90,000 பேர் உயிரிழந்தார்கள். கல்லைச் சுமந்து கைதிகள் ஏறிய 186 படிகள் இன்றும் உள்ளன.

பாதை குன்றின் அடிவாரத்தோடு போய்விடுகிறது. முகாமுக்குப் போக, பிரயாண வழி முழுவதிலும் அபூர்வமான செங்குத்து ஏற்றம் ஒன்றில் ஏறவேண்டும். பலர் ஏறுவதில்லை, அவர்களைக் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. ஆனால் கலாசாரம் என்பதை அழகிய கட்டடங்களின் தொகுதியாக மட்டும் வைத்துக்கொண்டால், இந்தக் குன்று அதில் எந்தப் பக்கத்திலும் அடங்காது. கல்லும் நதியும் உழைப்பும் சேர்ந்தே இப்பாதையை உண்டாக்கின என்று மேலே சொன்னேன். அதே கல்லும் அதே நதிக்கரையும், உழைப்பும் மிக அருகில் எதற்கெல்லாம் பயன்பட்டன என்பதைச் சொல்லாத எந்த வழிகாட்டி நூலும் பூரணமாகாது.

7. வியன்னாவுக்குக் கிழக்கே

வியன்னாவை அடைவதற்கு முன் துல்ன் நகரத்துக்கு மேற்கே, ஸ்வென்டன்டார்ஃபில், பாதை ஓர் அணுமின் நிலையத்தின் வேலியோரமாகச் செல்கிறது. முழுவதும் கட்டி முடிக்கப்பட்டு, ஒருநாள்கூட இயங்காத நிலையம் அது. 1978 நவம்பர் 5ஆம் தேதி நடந்த பொதுவாக்கெடுப்பில் 50.47 சதவீதத்தினர் வேண்டாமென்று சொன்னதால் அது அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தீர்ப்பின் எதிரொலி ஆறு ஆண்டுகளுக்குப் பின் நதியின் கீழ்ப்பகுதியில் கேட்டது.

ஹைன்பர்க் அருகில் கட்ட உத்தேசித்திருந்த அணை நதியோர வனங்களை அழித்துவிடும் என்று எதிர்த்தவர்கள், 1984 மே மாதத்தில் மிருக வேஷம் தரித்துப் பத்திரிகையாளர் கூட்டம் நடத்தினார்கள். டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் உறைபனியில் வனத்திலேயே கூடாரமிட்டு மரம் வெட்டுவதைத் தடுத்தார்கள். டிசம்பர் 19ஆம் தேதி போலீசார் தடியடி நடத்தினார்கள். அன்று மாலையே வியன்னாவில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். பிரதமர் ஃபிரெட் ஸினோவாட்ஸ் கிறிஸ்துமஸை முன்னிட்டு வேலையை நிறுத்தினார். அது பிறகு தொடங்கவேயில்லை. அணையை வேண்டியவர்களில் மின்சாரக் கம்பெனியோடு, வேலைவாய்ப்பை எதிர்பார்த்த தொழிற்சங்கங்களும் இருந்தன என்பதை இங்கே குறிப்பிடுவது அவசியம்; தொழிலாளரை ஒரு பக்கமும் வனத்தை ஒரு பக்கமும் நிறுத்திய அந்த மோதலின் கசப்பு எளிதில் ஆறியதாகத் தெரியவில்லை. 1996இல் அந்த வனம் 9,300 ஹெக்டேருக்குக் குறையாத பரப்புடைய தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நீர்மட்டம் 7 மீட்டர் வரை ஏறி இறங்கும் இந்த வனத்தில்தான் ஐரோப்பியக் குளத்து ஆமை ஆஸ்திரியாவில் தன் இனத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது. ஹைன்பர்க்குக்கு எதிர்க்கரையில், கரையைக் கட்டியிருந்த கற்களை 2006 வாக்கில் எடுத்துவிட்டார்கள். நதி கரையை அறுத்து மணற்சுவர்களை உண்டாக்குகிறது. அச்சுவர்களில் மீன்கொத்தி வளை தோண்டுகிறது.

ஆனால் இவ்வளவு சிறப்புடைய பகுதியில் சைக்கிள்காரர் காண்பது என்ன? வியன்னாவின் லோபாவ் எண்ணெய்த் துறையைத் தாண்டியதும் பாதை வெள்ளத் தடுப்பு மேட்டின்மேல் ஏறி, கிலோமீட்டர்க் கணக்கில் நேர்கோடாகச் செல்கிறது. மார்ச்ஃபெல்டு சமவெளியின் வயல்களை வெள்ளத்திலிருந்து காக்க எழுப்பிய மேடு அது. ஒருபுறம் வயல், மறுபுறம் அடர்ந்த மரங்கள். நதியோ கண்ணுக்கே தெரிவதில்லை. சலிப்பூட்டும் துண்டு என்று பெயரெடுத்த இதை ரயிலில் கடந்துவிடுவோர் பலர். அணைத் தேக்கங்களின் ஓரத்தில் நதியை விட்டு ஒரு நிமிஷமும் பிரியாத பாதை, நதி சுயேச்சையாக இருக்கும் இடத்தில் அதைவிட்டு விலகியே செல்கிறது. இது குறையா என்றால், என் அபிப்பிராயத்தில் இல்லை. சுயேச்சையான நதிக்குக் கரை நிலையானதன்று. நிலையற்ற கரையில் நிலையான பாதை போட முடியாது. பாதையின் சௌகரியமும் நதியின் சுதந்திரமும் ஒன்றையொன்று கூட்டுகின்றன என்ற பிரசித்தமான வாக்கியம் இந்த மேட்டின்மேல் வந்து பொய்த்துப்போகிறது.

எல்லாமே மனிதன் கைபட்டதுதான் என்றால் பாதுகாப்பதில் என்ன பொருள் என்று சிலர் கேட்கக்கூடும். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. வாக்காவும் ஹைன்பர்க்கும் மனிதத் தீர்மானத்தால் நிலைத்தவை. ஷ்ட்ரூடன்கவின் சுழல் மனிதத் தீர்மானத்தால் அழிந்தது. தீர்மானம் இரண்டிடத்திலும் உண்டு; விளைவு ஒன்றல்ல. மேலும், பாதுகாத்துவிட்டோம் என்று இருந்துவிடவும் முடியாது. மேலே உள்ள அணைகள் கூழாங்கல்லைத் தடுத்து வைத்துக்கொள்வதால், வியன்னாவுக்குக் கீழே நதியின் படுகை ஆண்டுதோறும் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை தாழ்ந்துகொண்டு வந்திருக்கிறது. அதை ஈடுகட்டப் படகுகளில் கல்லைக் கொண்டுவந்து நதியில் கொட்டுகிறார்கள். அந்த வனம் நீடிப்பதே இந்தக் கல்லை நம்பித்தான்.

இப்பாதையில் போக எண்ணும் தமிழ் வாசகருக்கு இரண்டு வார்த்தை சொல்லலாம். மௌத்ஹவுஸனில் அரைநாள் ஒதுக்கிக் குன்றின்மேல் ஏறிவிட்டு வாருங்கள். வழிகாட்டி நூல்கள் பிரயாணத்தை வியன்னாவோடு முடித்துவிடும். நீங்கள் அங்கே நிற்காமல் இன்னொரு நாள் மிதித்து, அந்தச் சலிப்பூட்டும் மேட்டின் வழியாக ஹைன்பர்க் வரையில் போய்ப் பாருங்கள்.